பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு நாற்றுமுடி

எறிபொருள் இயக்கத்தை நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கற்பித்தேன். அவ்வளவு காலத்தில் நான் எந்தப் பொருளையும் எறிந்ததில்லை என்பதை, ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து என் மைத்துனர்தான் சுட்டிக்காட்டினார். அது உண்மை. சாக்பீஸைக்கூட நான் எறிந்ததில்லை. தூங்குகிற மாணவனை எழுப்ப அருகில் சென்று மேசையைத் தட்டுவதே என் முறை. கரும்பலகையில் மட்டும் பந்துகளும் குண்டுகளும் கோபுர உச்சியிலிருந்து வீசப்பட்ட கற்களும் ஓயாமல் பறந்தன. அவை எல்லாம் நான் சொன்ன நேரத்தில், நான் சொன்ன இடத்தில் விழுந்தன.

மைத்துனர் இதைச் சொல்ல நேர்ந்ததற்கு ஒரு வயல் காரணம். வலங்கைமானுக்குப் பக்கத்தில் என் மனைவிக்குப் பிறந்தவீட்டு வழியாக வந்த மூன்று மா நிலம் உண்டு. ஏறத்தாழ ஓர் ஏக்கர், அகலம் குறைந்த நீளமான வயல். சம்பா நடவு தொடங்கும் காலையில் அங்கே ஒரு வழக்கம் நடக்கும். அதை வட்டாரத்து வழக்கம் என்று சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்துக்கும், அங்கே ஆண்டுதோறும் நட வருகிற பத்துப் பெண்களுக்கும் இடையே மட்டும் நிலவிய ஏற்பாடு. சேறடித்துச் சமன்செய்த வயலுக்கு நடுவே வேப்பங்கொத்து கட்டிய குச்சி ஒன்றை ஊன்றிவைப்பார்கள். வீட்டிலிருந்து ஒருவர் வரப்பில் நின்று, நாற்றங்காலிலிருந்து பறித்துக் கட்டிய முதல் நாற்றுமுடியை அந்தக் குச்சியை நோக்கி வீச வேண்டும். குச்சியிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் விழுந்தால் பெண்கள் வயலில் இறங்குவார்கள். விழாவிட்டாலும் இறங்குவார்கள், ஆனால் வீசியவரின் கையைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டே நடுவார்கள்.

வீசுவது என் மனைவி. அவள் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியை. எனக்கு ஓய்வு கிடைத்த ஆண்டுகளில் நானும் அவளுடன் போவேன். மோட்டார் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்து செய்தித்தாள் படிப்பதாகக் காட்டிக்கொள்வேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு முறை ஆட்டி, முடியை விடுவாள். நான் பார்த்த அளவில் அது ஒரு முறைகூடத் தவறியதில்லை. விழுந்ததும் திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் பக்கத்தைத் திருப்புவேன்.

கடந்த மாசியில் அவள் இறந்தாள். அதைப் பற்றி இங்கே இதற்குமேல் எழுதப்போவதில்லை.

ஆடி முடிந்ததும் மைத்துனர் என் வீட்டுக்கு வந்தார். மனைவியின் தம்பி, சென்னையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்று வலங்கைமானுக்கே திரும்பியவர், நிலத்தை இப்போது கவனித்துக்கொள்பவர். நல்ல மனிதர். காப்பியை ஆற்றிக்கொண்டே தொடங்கினார்.

"அத்தான், இந்த வருஷம் மிஷின் விட்டுடலாம். அரை நாள்ல நட்டுட்டுப் போயிடும்."

"பத்துப் பேரும் வர்றதா போன்ல சொன்னாங்களே."

"வருவாங்க. முதல் முடிய யாரு வீசுறது? அக்கா இருந்துச்சு, வீசுச்சு. இப்ப?"

"நான் வீசுறேன்."

அவர் காப்பி ஆற்றுவதை நிறுத்தினார்.

"நீங்களா? குப்பக்கூடையில காயிதத்தப் போடச் சொன்னாக்கூட எழுந்து போயி வச்சிட்டு வர்றவரு நீங்க. ஆயுசுல எதையாச்சும் தூக்கி எறிஞ்சிருக்கீங்களா?"

"எறிபொருள் பத்தி முப்பத்து நாலு வருஷம்..."

"பாடம் எடுத்தீங்க. எறியல."

பிறகு அவரே ஒரு பந்தயத்தை முன்வைத்தார். பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் தாமே நாடா வைத்து அளந்து குச்சியை ஊன்றுவார். என் முடி அதன் பக்கத்தில் விழுந்தால் கைநடவு. அவர் வாயைத் திறக்கமாட்டார். விழாவிட்டால் பெண்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு மறுநாளே எந்திரம். நான் ஒப்புக்கொண்டேன்.

எந்திர நடவு தாழ்ந்தது என்று நான் கருதவில்லை. விளைச்சலில் அது மேலாகவும் இருக்கக்கூடும். ஆயினும் அந்த ஓராண்டாவது அவள் நடவிட்டதைப் போலவே அந்த வயல் நடப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று நல்லவேளையாக மைத்துனர் கேட்கவில்லை. சட்டைப்பையில் நாடா இருக்கிறதா என்று தொட்டுப்பார்த்தபடி கிளம்பிவிட்டார்.

அன்று மாலையே ஒரு குறிப்பேட்டை எடுத்தேன். வரப்பில் நிற்கும்போது என் கை வயல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேலே இருக்கும். முடி கையை விட்டு மேல்நோக்கிக் கிளம்பும் வேகத்தை நொடிக்கு ஏழு மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஈர்ப்பு முடுக்கத்தைத் தாராளமாகப் பத்து என்று எடுத்தால், முடி சேற்றைத் தொடும் நேரம் இந்தச் சமன்பாட்டில் இருக்கிறது:

5t² − 7t − 2 = 0

பள்ளிப் பிள்ளைகள் அறிந்த இருபடிச் சூத்திரம்தான். ஏழுடன் எண்பத்தொன்பதின் வர்க்கமூலத்தைக் கூட்டியும் கழித்தும் பத்தால் வகுக்க வேண்டும். கூட்டினால் 1.64 நொடி. கழித்தால் மைனஸ் 0.24 நொடி. முடி காற்றில் இருப்பது 1.64 நொடி என்றால், அதற்குள் பன்னிரண்டு மீட்டர் கடக்கக் கிடைத்திசையில் நொடிக்கு ஏழரைக்குச் சற்றுக் குறைந்த வேகம் போதும். எழுதி முடித்து, வழக்கப்படி இரண்டாவது மூலத்தின்மீது ஒரு கோடு இழுக்கப்போன இடத்தில் என் பேனா நின்றது.

அந்தக் கோடுதான் எங்கள் வீட்டில் நெடுங்காலம் நடந்த சண்டை. நேரம் எதிர்க்குறியில் வந்தால் இயற்பியல் ஆசிரியன் அதைக் கேள்வி கேட்காமல் தள்ளிவிடுவான். கணித ஆசிரியைக்கு அது பொறுக்காது.

"நேரம் எப்படி மைனஸ்ல வரும்? அர்த்தமில்ல, தள்ளிட்டேன்," என்பேன்.

"வந்திருக்குல்ல? வீட்டு வாசல்ல வந்து நிக்கறவங்கள யாருன்னுகூடக் கேக்காம கதவச் சாத்துவீங்களா?"

"வேண்டாத விருந்தாளி."

"அத ஒரு வரி எழுதிட்டுச் சாத்துங்க. ரெண்டு மூலத்தையும் எழுதணும், எது வேணாமோ அது ஏன் வேணாம்னு எழுதணும். எழுதாத பிள்ளைக்கு அரை மார்க் போச்சு."

உண்மையாகவே குறைப்பாள். அந்த அரை மதிப்பெண்ணுக்காகப் பெற்றோர் வீடுவரை வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் காப்பி கிடைக்கும். அரை மதிப்பெண் கிடைக்காது. ஒருமுறை தன் சொந்த அண்ணன் மகளுக்கும் குறைத்துவிட்டு, அந்த ஆண்டுப் பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குத் தலைநிமிர்ந்து போய்வந்தாள். எதிர்க்குறி நேரத்துக்கு அவள் சொல்லும் பொருள் எளியது: முடி கையிலிருந்து கிளம்பாமல் வயல் மட்டத்திலிருந்தே இதே பாதையில் எழும்பி வந்திருந்தால், அது எப்போது புறப்பட்டிருக்கும் என்பதைச் சமன்பாடு சொல்கிறது. நாம் கேட்காத கேள்விக்கும் அது விடை தருகிறது. அதற்காக அதைத் தண்டிக்கக் கூடாது.

நான் அன்று இரண்டு மூலங்களையும் விட்டுவைத்தேன். இரண்டாவதன் பக்கத்தில், "முடி கையை விடுவதற்கு முந்தைய நேரம்; ஆகவே தள்ளப்படுகிறது" என்று எழுதினேன். ஒரு வரிதான். எழுதச் சிறிது நேரம் பிடித்தது.

கணக்கு கிடைத்தது, அடுத்தது கை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் பன்னிரண்டு மீட்டர் அளந்து சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். ஒரு முனையில் இருந்த சிமெண்ட் படியில் ஏறி நின்றால் கையின் உயரம் சரியாக இரண்டு மீட்டர் வந்தது. தஞ்சாவூர் நகரத்தில் நாற்றுமுடிக்கு எங்கே போவது? காய்கறிச் சந்தையில் முளைக்கீரைக் கட்டுகளை வாங்கிவந்து, வாழைநாரால் மறுபடி இறுக்கிக் கட்டி, வேரில் தண்ணீர் தெளித்து வீசினேன். முதல் நாள் ஏழு மீட்டர். மூன்றாம் நாள் ஒன்பது. ஐந்தாம் நாள் என் தோள்பட்டை எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதக்கூடிய நிலையில் இருந்தது. ஆறாம் நாள் உற்சாகத்தில் கோணத்தைக் கூட்டியதில் கட்டு கோட்டையும் கைப்பிடிச் சுவரையும் தாண்டிக் கண்ணிலிருந்து மறைந்தது. சற்று நேரத்தில் கீழ்வீட்டு அம்மாள் கையில் கீரையுடன் படியேறி வந்தார். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

"சார், மேலேர்ந்து கீரை விழுது."

"மன்னிக்கணும். ஒரு கணக்கு போட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"கணக்குல கீரை எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

பந்தயத்தைச் சொன்னேன். அவர் சுண்ணக்கோட்டையும் சிமெண்ட் படியையும் என்னையும் வரிசையாகப் பார்த்தார்.

"நாத்துமுடி இத விடக் கனமாச்சே சார். வேர்ல சேறும் தண்ணியுமா இருக்கும்."

இந்தக் கேள்வியை எனக்கு முப்பத்து நான்கு ஆண்டுகளாகத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கேட்பார். ஒவ்வோர் ஆண்டும் நான் சொன்ன விடையையே சொன்னேன்.

"எடை சமன்பாட்டுல வராதும்மா. ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போயிடும். கீரையும் ஒண்ணுதான், நாத்தும் ஒண்ணுதான்."

"சமன்பாட்டுல வரலன்னா சரி," என்றார். "நாளைக்கும் போடுவீங்களா?"

"இன்னும் சில நாள் ஆகும்."

"அப்ப காலையில ஏழு மணிக்குள்ள போட்டுடுங்க, சமையலுக்கு ஆகும். முடிஞ்சா அரைக்கீரையா வாங்குங்க. முளைக்கீரை எங்க வீட்டுல எறங்காது."

பதினோராம் நாளுக்குள் பத்துக்கு ஒன்பது கட்டுகள் கோட்டின்மேல் விழுந்தன. தவறிய ஒன்று கீழ்வீட்டில் மசியலானது.

நடவுக்கு முந்தைய மாலை நானும் மைத்துனரும் வயலுக்குப் போனோம். அவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையில் பன்னிரண்டு மீட்டரில் குச்சியை ஊன்றினார். அளவை இருமுறை சரிபார்த்தார். அந்த நேர்மையை நான் மதித்தேன். ஆய்வகப் பழக்கத்தால் நானும் ஒன்றைக் குறித்துக்கொண்டேன்: குச்சி, பக்கவாட்டு வரப்பில் இருந்த மின்கம்பத்துக்கு இணையாக, அது இருந்த அதே தூரத்தில் நின்றது.

மறுநாள் காலை நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெண்கள் பத்துப் பேரும் வந்து, நாற்றுமுடிகளை வரப்போரம் அடுக்கியிருந்தார்கள். அவர்களைத் திரட்டிவருபவர் அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி. என் மனைவியை "டீச்சரம்மா" என்றே கூப்பிட்டவர். என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு முடிகளை எண்ணத் திரும்பினார். அதற்காக நான் அவருக்கு நன்றியுடையவன்.

வரப்பில் ஏறி நின்று குச்சியைப் பார்த்தேன். பிறகு மின்கம்பத்தைப் பார்த்தேன். மறுபடி குச்சியைப் பார்த்தேன். குச்சி கம்பத்துக்கு இணையாக இல்லை. அது என்னை நோக்கி மூன்று மீட்டர் நடந்து வந்திருந்தது.

அந்தப் பெண்மணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மிகுந்த கவனத்தோடு தம் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

தேர்வறைக் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் உள்ளங்கை அளவுத் துண்டுச்சீட்டுக்காக மாணவர்களை வெளியே அனுப்பியவன் நான். முறைப்படி மைத்துனரை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு நாணுவதற்கு முன்பே வேறொரு கவலை வந்துவிட்டது. என் கை பதினொரு நாள் பழகியது பன்னிரண்டு மீட்டருக்கு. குச்சி நிற்பது ஒன்பதில். பழகியபடி வீசினால் முடி குச்சியைத் தாண்டி மூன்று மீட்டர் போய் விழும். எனக்கு உதவ நினைத்த பெண்மணி என்னைத் தோற்கடித்திருந்தார்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். தாள் இல்லை, உள்ளங்கையில் எழுதினேன். மேல்நோக்கிய வேகத்தை ஆறாகக் குறைத்தால், 5t² − 6t − 2 = 0. எழுபத்தாறின் வர்க்கமூலம் எட்டே முக்கால் அளவு.

"என்ன சார், நாத்துக்கு ஜாதகம் எழுதுறீங்களா?" என்றாள் வரப்பில் நின்ற ஒருத்தி.

"பொருத்தம் பாக்குறாருடி. முடிக்கும் குச்சிக்கும்."

"சீக்கிரம் பாருங்க சார், முடியில கதிர் வந்துரப் போவுது!"

மைத்துனர் சிரிப்பை அடக்க வாய்க்காலைப் பார்த்தார்.

1.47 நொடி. கிடைத்திசையில் ஆறுக்குச் சற்று மேல். விடை கிடைத்துவிட்டது, அதைக் கைக்குச் சொல்லும் வழிதான் தெரியவில்லை. ஏழு என்பதை ஆறாக்குவது தாளில் ஓர் இலக்கத்தை மாற்றும் வேலை. தோளுக்கு அந்த இலக்கங்கள் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே வீச்சு. இனி அதுவே விதி என்று குனிந்து ஒரு முடியை எடுத்தேன்.

கீரைக்கட்டு கால் கிலோ இருக்கும். இது என் கையைத் தரையை நோக்கி இழுத்தது. வேரிலிருந்து சேற்றுநீர் முழங்கைவரை ஓடிச் சட்டைக்குள் போனது. கீழ்வீட்டு அம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. கடைசி வரிசையிலிருந்து கேட்ட முப்பத்து நான்கு முகங்களும் வந்தன. பின்வாங்க வழியில்லை. ஒரு முறை ஆட்டி, என்னிடம் இருந்த பலம் அனைத்தையும் கொடுத்து விட்டேன்.

முடி பன்னிரண்டு மீட்டர் போகவில்லை. போகும் எண்ணமே அதற்கு இல்லை. தளர்ந்த வளைவாக எழும்பி, களைத்து, ஒன்பதாவது மீட்டரில் குச்சிக்கு ஒரு சாண் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது.

எங்கே பிழை என்று வரப்பில் நின்றபடியே எனக்குப் புரிந்தது. எடை பறத்தலின் சமன்பாட்டில் இல்லை என்பது சரி. ஆனால் பறக்கத் தொடங்கும்வரை அது முழுவதுமாகக் கையில்தான் இருக்கிறது. நான் கேட்ட ஏழு மீட்டர் வேகத்தை அது ஆறாக்கிவிட்டிருந்தது. என் பிழையும் அந்தப் பெண்மணியின் குற்றமும் ஒன்றையொன்று மிகச் சரியாக ஈடுசெய்திருந்தன. இப்படி ஒரு விடையை மாணவன் எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

பெண்கள் குலவையிட்டார்கள். மைத்துனர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வயலைப் பார்த்தார்.

"அத்தான், குச்சி கிட்டக்க இருக்கற மாதிரி இல்ல?"

"வெயில்ல அப்படித்தான் தெரியும்."

"நேத்து நீங்களும்தான் கூட நின்னு பாத்தீங்க. அதே எடம்தானே? நகரலியே?"

பத்துப் பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் சட்டைப்பையில் நாடா இருந்தது; வயலில் இறங்கி அளக்கச் சில நிமிடங்கள் போதும். என் ஒரு சொல்லில் அது நின்றது.

"நகரல," என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான். பொய் சொல்லத் தெரியாத ஆளு," என்று சொல்லி, நாடாவை எடுக்காமலே, காரிலிருந்து டீக் கேனை எடுத்துவரப் போனார்.

அவர் கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பெண்மணி என் பக்கத்தில் வந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். குச்சிய நான்தான் நவுத்துனேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?" அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஒன்பது மீட்டர்தான் என் கை போகும்னு எப்படிக் கணக்குப் பண்ணீங்க?"

"மீட்டரெல்லாம் யாரு கண்டா. டீச்சரம்மாவுக்கு வைக்கற எடத்துல வச்சேன்."

"டீச்சரம்மாவுக்கா?"

"பின்ன? நடுவயலுக்கு அவங்க கை எங்க சார் போவும்? நீங்க வராத வருஷம் குச்சி நடுவுலதான் இருக்கும். பாதி தடவ தப்பாத்தான் விழும். நாங்க கேலி பண்ணுவோம், அவங்களும் சேந்து சிரிப்பாங்க. நீங்க வந்து கொட்டாய்ல ஒக்காந்திருந்தா மட்டும், 'ஏண்டி, அத கொஞ்சம் கிட்டக்க நட்டு வையி, மனுசன் பாத்துக்கிட்டிருக்காரு'ன்னு சொல்லுவாங்க."

அரை மதிப்பெண்ணுக்கு அசையாதவள். ஆண்டுக்கு ஒருமுறை, என் எதிரில், மூன்று மீட்டர். நான் படிக்காத செய்தித்தாளின் பக்கங்களை நான் திருப்பிய ஒவ்வொரு முறையும்.

"எத்தன வருஷமா?"

"நீங்க வர ஆரம்பிச்சதுலேர்ந்து."

நான் என்ன முகத்தோடு நின்றேன் என்று தெரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, "காலை எடுங்க சார்," என்றார்.

வரப்பில் அடுக்கியிருந்த ஒரு முடியின்மேல் நின்றுகொண்டிருந்தேன். நகர்ந்து வழிவிட்டேன். அவர் குனிந்து அதை எடுத்து, நசுங்கிய நாற்றுத் தாள்களை விரலால் நீவிவிட்டு, முதல் ஆளாக வயலில் இறங்கினார். மற்ற ஒன்பது பேரும் அவருக்குப் பின்னால் இறங்கினார்கள்.